சேற்றை அடியோடு அகற்றக் கோரி

ஏப்ரல் 22, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. அன்னை நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோமதிநாயகம் காலை பத்தரைக்கு நகலோடு வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்தும் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வியர்வையில் முத்திரை கலங்கியிருந்தது.

"அக்கா, உங்க மனு ஜெயிச்சிட்டு. புன்னையடிக் குளம் முழுசும் தூர்வாருதாங்க. அஞ்சாம் தேதி மிஷின் எறங்குது."

மனு ஜெயிக்காது, ஏற்கப்படும் என்று திருத்தினேன்.

அரசு அலுவலகத்தின் மனுப் பிரிவில் முப்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தேன். ஒரு மனுவை எந்தெந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் போன ஜூனில் எழுதியபோது ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பத்தி எழுதினேன். மொத்தம் பதினோரு பத்திகள். வேறு துறையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று இழுக்க முடியாதபடி ஏழாம் பத்தி. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ள முடியாதபடி எட்டாம் பத்தி. பாதி தோண்டிவிட்டு முடிந்தது என்று சொல்ல முடியாதபடி ஒன்பதாம் பத்தி. கான்வென்ட்டில் சிஸ்டர் ஜெர்த்ரூத் ஒரு வரியில் ஒரு அடித்தல் இருந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வைப்பார். அந்தப் பழக்கத்தில், மனுவில் ஓர் அடித்தல்கூட இல்லை.

என் கேட்டிலிருந்து குளக்கரைக்கு நூற்றறுபது அடி எடுத்து வைக்க வேண்டும். சித்திரையில் தண்ணீர் வற்றி, மூன்று கரைகளும் வெடித்துக் கிடக்கும். மேற்குக் கரையில் மட்டும் கருஞ்சேறு மிஞ்சும். நாற்றம், கொசு. எல்லாம் இந்தக் கோடையோடு தீர்ந்தது.

வீட்டு வேலைக்கு வரும் பேச்சியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோமதிநாயகம் போனதும் சொன்னாள்: "கொளத்துல சேறு கெடந்தா உங்களுக்கு என்னம்மா செய்யுது? நீங்க என்ன எறங்கி நாத்தா நடப்போறீய?"

அடுப்பில் பாலைப் பார் என்றேன். பால் பொங்கியிருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் வரவில்லை. மூன்றாவது முறை.

ஏப்ரல் 26, சனி

குளத்தில் மீன் குத்தகை எடுத்திருக்கும் மாடக்கண்ணு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எப்போது பார்த்தாலும் முழங்கால் வரை காய்ந்த சேறு. நான் கேட்டைத் திறக்கவில்லை.

"மேக்குக் கரையில மட்டும் மிஷின விடாண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. உள்ள ஆம உறங்குது."

எந்த ஆமை என்றேன்.

"பாலாமம்மா. தண்ணி வத்துனா சேத்துக்குள்ள போயிரும். ஒரு முழம், ஒன்ற முழத்துல அசையாமக் கெடக்கும். மழ விழுந்து தண்ணி ஏறினாத்தான் எந்திரிக்கும். மத்த கரையெல்லாம் காஞ்சுட்டு. அம்புட்டும் மேக்கதான் ஒடுங்கிக் கெடக்கு. தூக்கத்துலயே வாரி லாரியில போட்டுருவாங்க."

புன்னையடிக் குளத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னேன். ஏழாம் பத்தியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 'மனுதாரர் மேற்படி குளத்தை நேரில் முழுமையாகப் பார்வையிட்டதில், பாதுகாக்கப்பட வேண்டிய உயிரினம் எதுவும் அங்கு இல்லை.' அதைச் சொன்னேன்.

"ஐயா கணக்கு வச்சிருந்தாவளே அம்மா."

மனு கொடுக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். இந்த ஆளை எனக்குப் பிடிக்காது. காரணம் எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டாம் பூசை. பிரசங்கம் நாற்பது நிமிடம், விஷயம் பத்து நிமிடத்துக்கு உரியது. மே 28 காலைப் பூசையை என் கணவருக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டு வந்தேன். அவர் போய் ஓராண்டு ஆகிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொசுவலைக்காரர் வந்தார். அளவு எடுத்துவிட்டுப் போனார். அளவு எடுக்கத்தான் போன மாதமும் வந்தார்.

மே 1, வியாழன்

விடுமுறை. பேச்சியம்மாவும் வரவில்லை. மேதினம் தனக்கும் உண்டு என்கிறாள். மறுக்க முடியவில்லை.

ஓய்வூதியக் கடிதம் ஒன்றைத் தேடி அவருடைய இழுப்பறையைத் திறந்தேன். நோட்டு கைக்கு வந்தது. பென்சிலில் எழுதியிருக்கிறார். பென்சிலில் எழுதுவதும் எழுதாமலிருப்பதும் ஒன்றுதான் என்று முப்பத்தெட்டு வருடம் சொன்னேன். தேதி உண்டு, ஆண்டு கிடையாது. 'மேற்கு 3. ஒன்று பெரியது, முதுகில் தழும்பு.' 'மேற்கு. மழை. 7 ஏறிவிட்டது.' 'குஞ்சு 2. மெட்டில்டாவைப் பார்க்கக் கூப்பிட்டேன். செருப்பில் சேறு ஆகும் என்றாள்.'

அப்படிச் சொன்னது நினைவில்லை. இழுப்பறையை மூடினேன். கடிதம் கிடைக்கவில்லை.

மே 5, திங்கள்

இரண்டு ஜேசிபிகள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். மனுதாரர் என்பதால் என்னை முன்னால் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்த வெயிலில் பட்டு. கோமதிநாயகம் பேசும்போது அன்னை நகரின் இரும்புப் பெண்மணி என்றார். இரும்பு துருப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

கிழக்கிலிருந்து தொடங்கி, தெற்கு, வடக்கு, கடைசியாக மேற்கு. பதினைந்தாம் தேதிக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். முதல் வாளி மண் மேலே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மே 6, செவ்வாய்

பேச்சியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "தெக்க மதகுக்கிட்ட கொஞ்சம் ஈரம் இருந்துருக்கு. மண்ணோட மூணு ஆம வந்துச்சாம்மா. ரெண்ட லாரிக்காரனுவ கொழம்புக்குக் கொண்டு போயிட்டானுவ. ஒண்ணு வாளி பட்டு நசுங்கிட்டாம், அதான் கெடக்கு."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும், நானே பாத்துட்டுத்தான் வாறேன். போய்ப் பாருங்க, நூறு அடிதான."

நூற்றறுபது என்றேன். போகவில்லை. மாங்காய் நறுக்கி உப்பில் போட வேண்டியிருந்தது. துண்டுகள் ஒரே அளவில் வரவில்லை.

மே 7, புதன்

குடை எடுத்துக்கொண்டு போனேன்.

மதகடியில் கிடந்தது. இரண்டு கை அகலம். பாசி நிறத்தில் வழவழப்பான முதுகு, குறுக்கே பிளந்திருந்தது. வயிற்றுப் பக்கம் பால் வெள்ளை. பின்னங்கால்கள் உள்ளே போகும் இடத்தில் இரண்டு சதை மடல்கள் உண்டு. கதவு மாதிரி மூடிக்கொள்ளும். முதுகு பிளந்த பிறகும் அந்த இரண்டும் இறுக மூடியிருந்தன.

வேலையை மேற்பார்க்கும் உதவிப் பொறியாளர் செண்பகவல்லி குளத்துக்குள் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்ததும் மேலே ஏறி வந்தாள். மேற்குக் கரையை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன்.

"நானே விட்டுரலாம்னுதான் நெனச்சேன் மேடம். அங்க மிஷின் பொதையும். ஆனா உங்க ஒன்பதாம் பத்தி இருக்கே. 'எந்தப் பகுதியும் விடுபடாமல்'."

"வனத்துறையின் கருத்தைக் கேட்டுவிட்டு..."

"ஏழாம் பத்தி மேடம். கேக்க வேண்டிய தேவையில்லன்னு நீங்களே நேர்ல பாத்து எழுதியிருக்கீங்க."

"மழை முடிந்ததும் அந்தப் பகுதியை மட்டும் செய்யலாமே?"

"எட்டு. 'ஒரே கோடைக்குள்.'" சிரிக்காமல் சொன்னாள். "உங்க மனுவத்தான் மேடம் எங்க ஆபீஸ்ல புதுசா வாரவங்களுக்கு மாதிரியாக் காட்டுதோம். இப்படி எழுதிக் குடுத்தா யாராலயும் தட்ட முடியாதுன்னு."

நன்றி என்றேன்.

மே 8, வியாழன்

கோமதிநாயகம் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு, ஒன்றுகூட வரிசையில் இல்லை. சங்கத்தின் சார்பில் மேற்குக் கரையை விட்டுவிடும்படி ஒரு கடிதம் கொடுக்கச் சொன்னேன்.

"ஆமைக்காகவா அக்கா?" அவர் முதலில் சிரித்தார், பிறகு நான் சிரிக்கவில்லை என்று கவனித்தார். "வீட்டுக்குள்ள வந்தாலே வெளக்குமாத்த எடுக்குத சாதி அக்கா அது. அதுக்குப் போய் லெட்டரா? அறுபத்திரெண்டு வீட்டுக்காரங்க நடக்கதுக்கு எடம் வேணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. மேக்கதான் நெழல் வரும். அங்கதான் நடைபாதை."

நான் எழுந்துகொண்டேன். அவர் கையமர்த்தினார்.

"இன்னொண்ணும் இருக்கு. திறப்பு விழாவுல சொல்லலாம்னு வச்சிருந்தோம். அண்ணன் பேர்ல ஒரு கிரானைட் பெஞ்சு. அவர் விழுந்த எடத்துலயே. இனி ஒரு மனுசன் அந்தச் சேத்துல போகக் கூடாதுன்னுதான நீங்க இந்தப் பாடு பட்டீங்க. எங்களுக்குத் தெரியாதா?"

விழுந்த என்ற சொல்லைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். மனுவில் எங்கும் அவர் பெயர் இல்லை, அது பொதுநல மனு என்றும் சொன்னேன். தேநீரைக் குடிக்கவில்லை. சர்க்கரை அதிகம்.

மே 9, வெள்ளி

வனத்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணில் ஒருவர் மூன்றாவது எண்ணைக் கொடுத்தார். மூன்றாவது எண்ணில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார்.

"பாலாமை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்தான் மேடம். இருக்குன்னு தெரிஞ்சா வேலைய நிறுத்திட்டு வந்து பாப்போம். எந்தக் குளம்?" சொன்னேன். கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. "இல்லைன்னு ஒரு அம்மா நேர்ல பாத்து உறுதி குடுத்திருக்காங்களே. அத வச்சுத்தான் எங்ககிட்ட கேக்காம வேலை போயிருக்கு. அது நிக்கிற வரைக்கும் நாங்க வர முடியாது. அந்த அம்மாவே அது சரியில்லைன்னு எழுதிக் குடுத்தா வேற விஷயம். அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

மே 10, சனி

தெற்கு முடிந்தது. வடக்கில் பாதி. ஜேசிபி பின்னால் போகும்போது எழுப்பும் ஓசை காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடுகிறது.

மூன்று வரைவுகள். 'பார்வைக் குறைவு காரணமாக': கிழித்தேன், போன மாதம்தான் கண் பரிசோதனையில் தேறினேன். 'போதிய விவரம் இல்லாமையால்': கிழித்தேன். 'கவனக் குறைவால்': இதை நீண்ட நேரம் வைத்திருந்துவிட்டுக் கிழித்தேன்.

எத்தனை ஆமைகள், எங்கே என்று குறிப்பிட்டால் மனு வலுவாகும். பேச்சியம்மாவை அனுப்பி மாடக்கண்ணுவை வரவழைத்தேன். பழக்கப்படி கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வேட்டியெல்லாம் சேறு என்று நாற்காலியைப் பார்த்துத் தயங்கினான். உட்காரச் சொன்னேன். பேச்சியம்மா கதவோரமாக நின்று, "ஏன் மாடண்ணே, நாக்காலி கடிக்காது, இரி" என்றாள்.

எத்தனை இருக்கும் என்று கேட்டேன்.

"எறங்கிக் கால வச்சுத்தாம்மா பாக்கணும். சேத்துக்குள்ள கால மெதுவாத் தடவிக்கிட்டே போனா, கல்லு மாரி தட்டும். கல்லுன்னா கம்முனு கெடக்கும். ஆமன்னா லேசா ஒரு அசவு இருக்கும். ஐயா அப்பிடித்தான் பாப்பாவ. நாந்தான் காட்டிக் குடுத்தேன். அன்னைக்கும் அதுக்குத்தான் எறங்கியிருக்காவ."

அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன்.

"ஒரு வருசமாச் சொல்ல வாறேன், நீங்க கேட்டச் சாத்திருதீய." அவன் குரலை உயர்த்தவில்லை. "சேறு இழுத்து ஐயா போகலம்மா. அங்கன முட்டளவுதான் இருந்துச்சு. நெஞ்சு வலி வந்துருக்கு. கையால நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, கரையில சாஞ்சு, உக்காந்த மேனிக்கு இருந்தாவ. மொகம் சுத்தமா இருந்துச்சு. நான் எதுத்த கரையில இருந்து ஓடி வந்து தூக்குனேன். எனக்குத் தாங்கல. வழுக்கி ரெண்டு பேருமா சேத்துல விழுந்துட்டோம். நீங்க பாத்தீயளே, அவிய மேல இருந்த சேறு, அது நான் போட்டது. என் மேலதான் தப்பு. சேத்து மேல இல்ல."

பேச்சியம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்று அவரைக் கொண்டுவந்து கிடத்தியபோது கண்ணிலும் வாயிலும் சேறு. காதுக்குள் இருந்ததை மட்டும் நான் மூன்று தடவை கழுவினேன். மருத்துவர் இருதயம் என்று சொன்னார். எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதத்தை நான் நம்பவில்லை. காகிதத்தை நம்பாதது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மாடக்கண்ணுவுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னேன். அவர் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

உள்ளபடி எழுதுகிறேன். அவர் இறந்தது மே 28. மனுவின் தேதி ஜூன் 16. பத்தொன்பது நாட்கள். இடைப்பட்ட நாட்களில் நான் குளத்தை நேரில் பார்வையிடவில்லை. ஒரு தடவைகூடப் போகவில்லை. ஏழாம் பத்திக்கு வந்தபோது அவருடைய நோட்டு மேசை மேல் திறந்துதான் இருந்தது. ஆமைகள் இருப்பதைக் குறிப்பிட்டால் வனத்துறைக்குப் போகும், இரண்டு வருடம் இழுக்கும் என்று தெரியும். நோட்டை மூடி இழுப்பறையில் வைத்தேன். 'எதுவும் அங்கு இல்லை' என்று எழுதினேன். எழுத்து நேராக வந்தது.

முப்பத்துமூன்று ஆண்டுகளில் பொய்யான தகவல் தந்தவர்களின் மனுக்களை எத்தனை தள்ளுபடி செய்து கட்டி வைத்தேன் என்று கணக்கில்லை. அவர்களை எனக்குப் பிடிக்காது.

மே 12, திங்கள்

மனு நாள். வரிசையில் இருபத்தேழாவது ஆள். இத்தனை வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததில், இந்தப் பக்கம் மின்விசிறிக் காற்று எட்டாது என்பது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் மனுவை வாசித்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தேன்.

என்னுடையது ஒரு பக்கம். 'ஏழாம் பத்தியில் நான் உறுதியளித்தது உண்மையல்ல. குளத்தை நான் பார்வையிடவில்லை. அங்கு பாலாமைகள் இருப்பது தெரிந்தே, இல்லை என எழுதினேன்.'

மேசையில் இருந்தவர் இளவயதுக்காரர். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மேடம், நீங்க இந்தப் பிரிவுல இருந்தவங்க. 'தெரிந்தே'ங்கிறத எடுத்துருங்களேன். 'தவறுதலாக'ன்னு போட்டா யாருக்கும் ஒண்ணுமில்ல."

"அப்படிப் போட்டால் கோப்பில் என்ன எழுதுவீர்கள்?"

"'குறித்துக்கொள்ளப்பட்டது'ன்னு எழுதுவோம்."

"பிறகு?"

"பிறகு ஒண்ணுமில்ல மேடம்."

"இப்படியே இருந்தால்?"

"உறுதிமொழி செல்லாம போயிரும். கோப்பத் திரும்பத் திறக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்க மேல விளக்கம் கேட்டு வரும். பேப்பர்ல போட்டாலும் போடுவாங்க. யோசிச்சுக்குங்க."

அவர் பேனாவை நீட்டினார். வாங்கி, ஒவ்வொரு வரியின் கீழும் ஒரு சுருக்கொப்பம் வைத்தேன், யாரும் எதையும் மாற்ற முடியாதபடி. திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சேர ஒரு மணி. ஆட்டோக்காரர் தவறான தெருவில் இறக்கினார்.

மே 13, செவ்வாய்

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பேச்சியம்மா மூன்று வீட்டில் வேலை செய்வதால் மூன்று வீட்டுப் பேச்சையும் கொண்டுவருகிறாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது முதல் வீடு. மாடக்கண்ணு வசிய மருந்து கொடுத்துவிட்டான் என்பது இரண்டாவது. மூன்றாவதை அவள் சொல்ல மறுக்கிறாள்.

மாலையில் கோமதிநாயகம் வந்தார். உட்காரவில்லை.

"பொய்னு நீங்களே எழுதிக் குடுத்துருக்கீங்களாமே. எங்க அறுபத்திரெண்டு பேர் கையெழுத்தும் அதுக்குக் கீழதான அக்கா இருக்கு? எங்களையும் பொய்யனாக்கிட்டீங்களே."

அது சரியான குற்றச்சாட்டு. மன்னிப்புக் கேட்டேன். அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

"ஒரு கூடை ஆமைக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் போனார்.

வடக்கு முடிந்துவிட்டது. மேற்குக் கரை மட்டுமே மீதி. உத்தரவு எதுவும் வரவில்லை.

மே 14, புதன்

பன்னிரண்டு மணிக்குச் செண்பகவல்லி தொலைபேசியில் அழைத்தாள். மேற்கில் பத்து மீட்டர் தோண்டியாகிவிட்டது. இரண்டு ஆமைகள் வாளியில் வந்தன, உயிரோடு இருந்தன, மாடக்கண்ணு வாங்கி ஈரச் சாக்கில் வைத்திருக்கிறார். பதினொன்றரைக்குத்தான் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததாம்.

"இன்னைக்கு ஒரு நாள்தான் மேடம் நிறுத்தி வச்சிருக்கு. நாளைக்குக் காலையில வனக்காப்பாளர் வாறார். ஒரு சிக்கல். வாளியில வந்தது எங்க இருந்து வேணும்னாலும் வந்திருக்கலாம்ங்கிறாங்க. நீங்க ரெண்டு விதமா எழுதியிருக்கிறதால எதை எடுக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியல. மனுதாரரே வந்து, சேத்துக்குள்ள இருக்கிற எடத்தைக் காட்டணுமாம். குத்தகைக்காரர் காட்டினா அவர் லாபத்துக்குன்னு ஆயிரும். காட்டலைன்னா பத்து மணிக்கு மிஷின் ஓடும்."

சேற்றில் நிற்பதற்கு உகந்த உடை எது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

மே 15, வியாழன்

எழுத உட்கார முடிந்தது மாலை ஐந்து மணிக்குத்தான். வெந்நீரில் இரண்டு தடவை குளித்தும் நகத்தின் ஓரத்தில் கறுப்பு போகவில்லை.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வனக்காப்பாளர் இசக்கிராஜ் ஒரு படிவத்தோடு கரை மேல் நின்றார். ஜேசிபி ஓட்டுநர் நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகமும் நான்கைந்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டேன். எழுபத்தொரு வயதில் அன்னை நகர் முழுவதும் என் காலைப் பார்த்தது. பார்க்கட்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மேலே சூடு. ஒரு சாண் கீழே போனால் கிணற்றடி போல் குளிர்ந்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. முழங்கால் வரை போனதும் அடி கெட்டியாக நின்றது. மாடக்கண்ணு கரையிலிருந்தே சொன்னார்: "தூக்காதீய, இழுத்துத் தடவுங்க. அவசரமே இல்ல."

"பத்து மணிக்கு அவசரம் இருக்கு" என்றார் ஓட்டுநர்.

முதல் பத்து நிமிடத்தில் இரண்டு கற்கள், ஒரு பாட்டில், ஒரு சைக்கிள் பெடல். மேலிருந்து ஒருவர், "அக்கா, எனக்கு ஒரு செயின் தொலஞ்சிருக்கு, பாருங்க" என்றார். சிரித்தார்கள். மூட்டு வலித்தது. ஒன்பது இருபதுக்கு இடது காலில் மூன்றாவது கல் தட்டியது. வழவழப்பு. அழுத்தாமல் பாதத்தை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த அடி எடுக்கப் போகையில் அது என் பாதத்துக்குக் கீழே சற்று நகர்ந்தது. உறங்குகிறவர் பக்கத்தில் படுக்கும்போது கொஞ்சம் இடம் விடுவாரே, அவ்வளவுதான்.

"இங்கே" என்றேன். இன்னொரு முறை சொன்னேன்.

இசக்கிராஜ் இறங்கி வந்து தோள் வரை கையை விட்டு எடுத்தார். தலை உள்ளே, கால்கள் உள்ளே, மடல்கள் மூடியபடி. சேற்றை வழித்தார். கரையில் சிரித்தவர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். அளந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப இறக்கி மூடினார்.

"போதும் மேடம். ஒண்ணு காட்டினா போதும், ஏறி வாங்க."

ஒன்று காட்டினால் ஒன்றுக்குத்தான் உத்தரவு வரும். ஏறவில்லை. பதினொன்றரை வரை இருந்தேன். மொத்தம் பதினான்கு ஆமைகள். பிறகு கால் ஒத்துழைக்கவில்லை. மாடக்கண்ணு இறங்கி இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கோமதிநாயகம் மேலிருந்து என் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மீதமுள்ள நாற்பத்தைந்து மீட்டர் கரையை அப்படியே விடச் சொல்லி இசக்கிராஜ் எழுதினார். நடைபாதை மற்ற மூன்று கரைகளிலும் வரும். தோண்டிய பத்து மீட்டரில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் மேல் விளக்கம் கேட்கும் கடிதம் அடுத்த வாரம் வரும் என்று செண்பகவல்லி மெதுவாகச் சொன்னாள். வரட்டும், பதில் எழுதத் தெரியும்.

இசக்கிராஜ் படிவத்தைக் குடை நிழலில் நிரப்பினார். இனம், எண்ணிக்கை, ஆழம், ஈரம். கடைசியில் ஒரு கட்டம்: இவ்விடத்தில் முதலில் கண்டவர். என் பெயரை எழுதப் பேனாவை வைத்தார். இல்லை, அகுஸ்தீன் என்றேன்.

"அது யாரு மேடம்? கையெழுத்து வேணுமே."

என் கணவர் என்றேன். மாடக்கண்ணு தரையைப் பார்த்தார். இசக்கிராஜுக்குப் புரிந்தது. சங்கடப்பட்டார்.

"இப்ப இல்லாதவங்க பேரப் போட்டா மேல கேப்பாங்க மேடம். அந்தக் கட்டத்துல மட்டும் 'இல்லை'ன்னு போட்டுரட்டுமா?"

இந்தக் குளத்தைப் பற்றி ஒருமுறை அப்படி எழுதியாயிற்று, இனி வேண்டாம் என்றேன். பேனாவை வாங்கி நானே எழுதினேன்.